குத்துச்சண்டைக்கு நாள் குறித்தவர்கள்

நாங்கள் மூன்று பேரும் வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கையுறை மாட்டிக் குத்துச்சண்டை போட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலகப் பட்டம் வாங்கிய குத்துச்சண்டைக்காரர்களில் எவன் எவனை அடிப்பான் என்று பத்து வருஷம் தொண்டை கிழியப் பேசியவர்கள் நாங்கள். எங்களில் ஒருவர் அடித்து நான் பார்த்ததெல்லாம் கொசுவைத்தான்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் ஷெட்டில் ஃபிட்டர். என் சிநேகிதன் அதே ஷெட்டில் பயர்மேன். கிள்ளான் போகும் வண்டியில் நின்று இன்ஜின் அடுப்புக்கு நிலக்கரி அள்ளிப் போடுவது அவன் வேலை. ஒரே கப்பலில் வந்தவர்கள், ஷெட் ஆட்களுக்குக் கட்டிய லயத்து வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீடு. உறவு எதுவும் கிடையாது, ஆனாலும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். மூன்றாவது ஆள் ரயில்காரர்களுக்கு மருந்து கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெசர். யாழ்ப்பாணத்துக்காரர், எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருக்கு இங்கிலீஷ் பேப்பர் படிக்கத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. உத்தியோகக்காரர் ஒருவர் கரி அப்பிய இரண்டு பேரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததற்கு அந்தப் பேப்பர்தான் காரணம். அவர் வீட்டில் குத்துச்சண்டைப் பேச்சை எடுத்தாலே எல்லாரும் எழுந்து போய்விடுவார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ரோட்டோரத்து ஒட்டுக்கடைக்குத் தேத்தண்ணி குடிக்க வந்துவிடுவோம். டிரெசர் பேப்பரை நாலாய் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார். தேத்தண்ணி வந்து, அதில் பாதி குடித்த பிறகுதான் விரிப்பார். குத்துச்சண்டைச் செய்தி இருந்தால் வரிவரியாய்ப் படித்துத் தமிழில் சொல்வார். இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையவில்லை, பழைய சண்டைகளைக் கிளறிக்கொள்வோம்.

பேப்பரில் இருந்த பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. படத்தைப் பார்த்து நாங்களே பெயர் வைத்தோம். முந்தின காலத்துப் பட்டக்காரன் ஒருவன் எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டிருப்பான், அவன் சிரிப்பன். எதிராளியின் குத்து மேலே படாமல் விலகி விலகியே ஆளை அலுக்கவைத்து, கடைசியில் சாய்த்துவிடுவானாம். பிந்தின காலத்துப் பட்டக்காரன் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு, வருகிற அடியையெல்லாம் வாங்கிக்கொண்டு முன்னே போய்க்கொண்டே இருப்பான். அவன் எருமை. சிரிப்பன் பட்டத்தைப் பறிகொடுத்தபோது எருமை அரைக்கால் சட்டை போட்ட பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்திருப்பான். இருவரும் மோதிக்கொள்ள வழியே இல்லை. அதனால்தான் எங்களுக்கு அவர்களை விட மனசில்லை.

மோத முடியாதவர்களை மோதவிடுவதற்கு டிரெசர் ஒரு சட்டம் போட்டிருந்தார். பேச்சை ஆரம்பிக்குமுன் அவரவர் தன் ஆளுக்கு ஒரு நாளைக் குறிக்க வேண்டும். அவன் வாழ்க்கையிலேயே நல்ல நாள், உடம்பும் புத்தியும் ஒன்றாக நின்ற நாள், அது எந்தச் சண்டை என்று சொல்லிவிட வேண்டும். அந்த நாளில் இருந்த ஆள்தான் களத்தில் இறங்குவான். குறித்த பிறகு மாற்றக்கூடாது. அப்போது கை சுளுக்கு, அப்போது வயதாகிவிட்டது என்ற சாக்கெல்லாம் எடுபடாது. ஒட்டுக்கடைக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "கல்யாணத்துக்கு நாள் குறிக்கறவங்கள பார்த்திருக்கேன், எவனோ வெள்ளைக்காரன் ஊர்ல அடிச்சுக்கறதுக்கு நாள் குறிக்கறவங்கள இப்பத்தான் பார்க்கறேன் லா" என்பார். நாங்கள் சட்டை செய்வதில்லை. நாள் குறிப்பதிலேயே ஒரு மத்தியானம் போய்விடும்.

நான் எருமைக் கட்சி. டிரெசர் சிரிப்பன் கட்சி. என் சிநேகிதன் ஆரம்பத்தில் டிரெசர் பக்கம்தான் இருந்தான். அதில் ஆச்சரியமில்லை, அவன் வலி பொறுக்காதவன். அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஷெட்டில் இன்ஜினிலிருந்து சாம்பல் இழுக்கும்போது கங்கோடு கொஞ்சம் அவன் வலது காலில் கொட்டிவிட்டது. துள்ளிக் குதித்து, மண்வெட்டியை எங்கேயோ எறிந்துவிட்டு, தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்து அம்மா அம்மா என்று கத்தினான். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். ஷெட்டே கூடிச் சிரித்தது. நான் அவன் கத்தியதைப் போலவே கத்திக் காட்டி ஒரு மாதம் பிழைப்பு நடத்தினேன். தொட்டாச்சிணுங்கி என்ற பெயரையும் நான்தான் வைத்தேன். ஏழெட்டு வருஷம் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பிறகு அவன் மாறினான். எப்போது என்று யாருக்கும் நாள் குறிக்கத் தெரியவில்லை. அடுப்புக் கதவின் கைப்பிடியை எல்லாரும் சாக்குத்துணி சுற்றித்தான் பிடிப்பார்கள், அவன் வெறுங்கையால் பிடிக்க ஆரம்பித்தான். கையில் கொப்புளம் இருக்கும். எங்கே சுட்டது என்று கேட்டால் கையைத் திருப்பிப் பார்த்து, "அட, ஆமா" என்பான். பயர்மேன் கையில் சூட்டுத் தழும்பு இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். அதனால் நாங்கள் யாரும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. வேலை ஆளைக் காய்ச்சி எடுத்துவிட்டது, தொட்டாச்சிணுங்கி ஆம்பிளை ஆகிவிட்டான் என்று பேசிக்கொண்டோம்.

கட்சியும் மாறினான். ஒரு ஞாயிறு சிரிப்பனை விட்டுவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். "மச்சான் சொல்றதுதான் சரி ஐயா. வலிச்சாத்தானே பயம். வலிக்கலைன்னா எவன் வந்தா என்ன" என்றான். பெண் எடுத்துக் கல்யாணம் செய்துவைத்ததைப் போல எனக்கு ஒரு பெருமை. இத்தனை வருஷம் பேசிப் பேசி ஒருவனையாவது கரை சேர்த்துவிட்டோம் என்று நினைத்தேன்.

டிரெசர் விடவில்லை. அவர் ஊர்ப் பேச்சில் வலிக்கு நோ என்று பெயர். "நோ எண்டது காவல்காரன் தம்பி. நோ தெரிஞ்சவன்தான் கையைத் தூக்கி முகத்தைக் காப்பான். நோ தெரியாதவன் வாங்கிக்கொண்டே நிப்பான், நிப்பான், பிறகு ஒரே நாளிலை விழுவான்" என்பார். நான், "எருமை மேல மழை பெஞ்ச மாதிரி நிக்கறான் ஐயா, அவன எங்க விழ வைக்கறது" என்பேன். ஒருமுறை மூன்று பேரும் சேர்ந்து படக்கொட்டகைக்குப் போனபோது, படத்துக்கு முன்னால் எருமையின் சண்டையைச் சத்தமில்லாமல் காட்டினார்கள். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஓடவில்லை. அதை வைத்து ஒரு வருஷம் பேசினோம். அவன் மூன்று அடி வாங்கியும் அசையவில்லை என்று நானும், மூன்றாவது அடியில் இடது முழங்கால் மடங்கியது என்று டிரெசரும்.

இதற்குள் என் சிநேகிதனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் கிள்ளான். வாய் அதிகம் பேசாத பெண், என்னை அண்ணே என்று கூப்பிடும். ஒருநாள் என் வீட்டுக் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே சொன்னது. "அண்ணே, இவருக்கு முதுகுல தேமல் மாதிரி வெளுத்துக் கெடக்கு. மஞ்சள் அரைச்சுப் போட்டும் போகல. நடக்கறப்ப கால்ல இருந்து செருப்பு கழண்டு விழுந்தாலும் தெரியாம நடந்து வராரு. டிரெசர் ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்." நான் சிரித்தேன். "அவன் எருமைம்மா, எருமை செருப்பா போடும்" என்றேன். சொல்கிறேன் என்றும் சொன்னேன். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்வது பொய். ஞாயிற்றுக்கிழமை டிரெசரைப் பார்த்தபோது ஞாபகம் இருந்தது, ஆனால் அன்றைக்கு எருமைக்கு நான் புதிதாக ஒரு நாளைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் அவசரம்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும், அவன் மனைவி என்னிடம் சொல்லி மூன்று மாதம் கழித்து வந்தது அது. அப்போது அவள் நாலு மாதக் கர்ப்பம்.

அன்று டிரெசர் கை ஓங்கியிருந்தது. சிரிப்பனுக்கு அவர் குறித்த நாள் அசைக்க முடியாத நாள். அவன் ஒரு பெரிய ஆளைப் பதினாலு சுற்று வரை பக்கத்தில் நெருங்கவே விடாமல் நின்ற சண்டை. ஒவ்வொரு சுற்றாகப் பழைய பேப்பரிலிருந்து படித்துக் காட்டினார். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள்கூட அவர் சொல்வதற்குத் தலையாட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. தோற்கிறபோது என் குரல் தானாகவே ஏறும், அது என் குணம்.

"காயிதத்துல இருக்கறத விடுங்க ஐயா. கண்ணு முன்னால ஒண்ணு காட்டறேன். வலியே இல்லாத மனுசன் இருக்கான்னு காட்டறேன்" என்றேன். அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த தேத்தண்ணிக் கெட்டிலை ஒட்டுக்கடைக்காரரிடமிருந்து வாங்கி மேசையில் வைத்தேன். "மச்சான், இதைப் பிடி."

அவன் என்னைப் பார்த்தான். கொஞ்சம் வெட்கப்பட்டான். எனக்காகத்தான் பிடித்தான், எனக்கு அது நன்றாகத் தெரியும். இடது கையைப் பிரித்துக் கெட்டிலின் வயிற்றோடு வைத்துக்கொண்டான். வைத்துக்கொண்டு சிரித்தான். பெஞ்சில் இருந்தவர்கள் எண்ண ஆரம்பித்தார்கள். பத்து வரை எண்ணினார்கள். அதற்குள் ஒரு வாடை வந்தது. ஒட்டுக்கடைக்காரர்தான் கெட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போனார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று தட்டினேன்.

டிரெசர் தட்டவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அவனைக் கண்ணை மூடச் சொன்னார். பேப்பரின் முனையைக் கிழித்துத் திரித்து, அவன் சுண்டுவிரலைத் தொட்டார். "எங்கை தொடுறன்?" என்று கேட்டார். "இன்னும் தொடலியே ஐயா" என்றான். மணிக்கட்டைத் தொட்டார், முழங்கை வரைக்கும் கோடு இழுத்தார். "தொடுங்க ஐயா, எவ்வளவு நேரம் கண்ண மூடிக்கிட்டு இருக்கறது" என்றான் அவன், சிரித்துக்கொண்டே. பெஞ்சில் சிலர் சிரித்தார்கள். டிரெசர் அவன் காது மடலைப் பிடித்துப் பார்த்தார். முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து எதையோ தேடினார்.

எனக்கு அவர் தோல்வியைத் தள்ளிப்போட வேடிக்கை காட்டுகிறார் என்று தோன்றியது. "என்ன ஐயா, வித்தை காட்டறீங்க. தோத்தா தோத்தேன்னு சொல்லணும்" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். பத்து வருஷத்தில் ஒருநாளும் எனக்கு விட்டுக்கொடுக்காத மனுஷன்.

"ஓம். நீர் வெண்டிட்டீர்" என்றார். "எருமைதான் வெல்லும்."

பிறகு அவனிடம் மெதுவாக, "கையிலை சுட்டுப்போச்சு தம்பி, நாளைக்குக் காலமை வாரும், கட்டுப் போடுவம்" என்றார். தேத்தண்ணியை முடிக்காமல் எழுந்து போனார். நான் அன்று மாலை முழுவதும் ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தேன். அதை இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் என் கையைச் சுட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மறுநாள் அவன் கட்டுப் போடப் போனான். பெரிய டாக்டர் வந்து பார்த்தார், ரத்தம் எடுத்தார்கள், முதுகைச் சுரண்டி எடுத்தார்கள். பத்தாம் நாள் முடிவு தெரிந்தது. பெருவியாதி. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, லயம் முழுவதற்கும் மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. குஷ்டக்காரர்களைத் தனியே வைக்கும் சுங்கை பூலோவுக்குப் போக வேண்டும், அங்கேதான் இருக்க வேண்டும், எவ்வளவு காலம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

லோரி காலை எட்டு மணிக்கு வந்தது. அவன் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஏறினான். கையில் கட்டு வெள்ளையாக இருந்தது. மனைவி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்க முடியவில்லை. அவன் லயத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பார்த்தான். என்னைத்தான் தேடினான். நான் என் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வெளியே வரவில்லை. எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று எனக்கு மத்தியான ஷிப்ட்.

அவன் போனபின் அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மெத்தையையும் பாயையும் கொளுத்தினார்கள். ஷெட் வேலையோடு வந்த வீடு என்பதால் அவளும் அங்கே இருக்க முடியவில்லை, கிள்ளானில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஒட்டுக்கடைக்காரர் அவன் வழக்கமாகக் குடிக்கும் கண்ணாடி கிளாஸைத் தேடிப் பார்த்தார். எது என்று தெரியாததால் அத்தனை கிளாஸையும் சாக்கில் போட்டு உடைத்துவிட்டுப் புதிது வாங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. நானும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மருந்துச் சோப்பால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பத்து வருஷம் அவன் தோளில் போட்டுக்கொண்டு நடந்த கை.

நான் டிரெசரோடு சண்டைக்குப் போனேன். மருந்தகத்துக்கே போய், "எங்ககூட உட்கார்ந்து தேத்தண்ணி குடிச்சுக்கிட்டே அவனப் பிடிச்சுக் குடுத்துட்டீங்களே" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மேசை மேலிருந்த துணிச்சுருளைச் சுற்றிக்கொண்டே பேசினார். "பெரிய டாக்டருக்கு எழுதிப் போட வேண்டியது என்ர வேலை. எழுதாமல் விட்டிருந்தால் கையே போயிருக்கும். ஆனால் நீர் என்னைத் திட்டத்தான் வேணும். வேறை காரணத்துக்கு. ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கைக்கு முன்னாலை உட்கார்ந்திருந்தவன் நான். நோ எண்டது காவல்காரன் எண்டு சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தன்." அதன் பிறகு அவர் ஒட்டுக்கடைக்கு வரவில்லை. நானும் போகவில்லை. அவள் மூன்று மாதம் முன்பே குழாயடியில் சொன்னதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.

ஐந்து மாதம் நான் சுங்கை பூலோ பக்கம் போகவில்லை. போக முடியாது என்று யாரும் சொல்லவில்லை. வெளியாட்கள் பார்க்கலாம், தூரத்தில் உட்கார்ந்து பேசலாம் என்று எனக்குத் தெரியும். போகவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது என்று கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். அவன் நின்று கரி போட்ட அதே வண்டி. இன்ஜினில் வேறு யாரோ நின்றான். அவள் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் தரையில் உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. குழந்தையைத் துடைத்து முடித்த பிறகு கேட்டாள்.

"அண்ணே, நான் அன்னிக்கு உங்ககிட்ட சொன்னேனே. நீங்க ஏன் டிரெசர் ஐயாகிட்ட சொல்லல?"

நான் குழந்தையைப் பார்த்தேன்.

"சொல்லலன்னாலும் பரவால்ல. ஏன் கெட்டிலப் பிடிக்கச் சொன்னீங்க? அத்தனை பேர் முன்னால? தனியா கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டியிருந்தா இவரு இவ்வளவு கூசியிருக்க மாட்டாரு."

பத்து வருஷம் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவன், ஒரு பேச்சில் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அவள் வேறு குரலில் பேசினாள். அவளால் இன்னும் பயணம் போக முடியவில்லை, அண்ணனும் விடமாட்டேன் என்கிறார், அவனுக்குக் குழந்தை பிறந்த செய்தியை யாராவது போய்ச் சொல்ல வேண்டும். "தெனம் இவ காலைக் கிள்ளிப் பார்க்கறேன் அண்ணே" என்றாள். "கிள்ளினா வீல்னு அழுவுறா. அழுதாத்தான் எனக்கு உசிரு வருது. அவர்கிட்ட அதைச் சொல்லுங்க. நல்லா அழுவுறான்னு சொல்லுங்க."

மறுநாளே போனேன். உள்ளே மரங்களும் வரிசை வீடுகளுமாக ஒரு ஊர் போலவே இருந்தது. பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு கொட்டகை. எதிரெதிராக இரண்டு பெஞ்சு, நடுவில் ஆறடி இடம். அவன் தடி ஊன்றி வந்தான். வலது காலில் முழங்கால் வரை துணி சுற்றியிருந்தது. புருவத்தில் முடி கொட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தான், அந்தச் சிரிப்பு மட்டும் பழையது.

முதலில் குழந்தையைச் சொன்னேன். கிள்ளினால் அழுகிறாள் என்று சொன்னேன். "எந்தக் கால்ல?" என்று கேட்டான். ரெண்டு காலிலும் என்று சொன்னேன், அவள் எந்தக் கால் என்று எனக்குச் சொல்லியிருக்கவில்லை. "சத்தமாவா?" என்றான். தெருவுக்கே கேட்கும் என்றேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிறகு, அங்கே வாராவாரம் எண்ணெய் ஊசி போடுவதாகவும், ஊசி இறங்குகிற இடம் சில சமயம் வலிப்பதாகவும் சொன்னான். வலித்தால் பக்கத்துக் கட்டில்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்வானாம். வலது காலில் உணர்ச்சியே போய்விட்டது, இடது காலில் இன்னும் கொஞ்சம் தெரிகிறது என்றான்.

நான் அழ ஆரம்பித்தேன். "என்னாலதான் மச்சான்" என்றேன். "நான்தான் உன்னக் கெட்டிலப் பிடிக்கச் சொன்னேன். உன் பெஞ்சாதி முன்னாடியே சொல்லிச்சு, நான்தான் டிரெசர்கிட்ட சொல்லாம விட்டேன். லோரி வந்தப்ப நான் வீட்டுக்குள்ளதான் இருந்தேன்."

"தெரியும்" என்றான். "ஜன்னல்ல உன் சட்டை தெரிஞ்சுச்சு."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். இருவரும் ஆறடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தோம். பேச ஒன்றும் இல்லாமல் போனது எங்களுக்கு அதுதான் முதல் தடவை.

அவன்தான் ஆரம்பித்தான். "மச்சான், நான் எருமையோட மோதறேன்னு வச்சுக்க. எனக்கு எந்த நாளைக் குறிப்ப?"

வேடிக்கைக்குக் கேட்கிறானா என்று பார்த்தேன். இல்லை. சட்டப்படி கேட்டான். குறித்தால் மாற்ற முடியாது. என் வாயில் முதலில் வந்தது ஷெட்டில் அவன் வெறுங்கையால் கதவைத் திறந்த நாட்கள்தான், நாங்கள் ஆம்பிளை ஆகிவிட்டான் என்று பேசிக்கொண்ட நாட்கள். அதில் ஒன்றைக்கூட நான் எடுக்க முடியாது. நாங்கள் கை தட்டியதெல்லாம் வியாதிக்குத்தான். பின்னால் போனேன், இன்னும் பின்னால் போனேன்.

"சாம்பல் கொட்டின நாள்" என்றேன். "மொத வருஷம். தண்டவாளத்துல உட்கார்ந்து அம்மா அம்மான்னு கத்தினியே, அந்த நாள். அதான் உன் நல்ல நாள்."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கு நீதானே ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்ச" என்றான்.

"ஆமா. நான்தான்."

"என்னா வலி தெரியுமா மச்சான்" என்றான். குரலே மாறிவிட்டது. மெதுவாக, ஒவ்வொன்றாக, எனக்குச் சொன்னான். முதலில் சில்லென்று இருந்ததாம். பிறகு யாரோ தோலைப் பிடித்து இழுப்பது போல, பிறகு எலும்பு வரைக்கும் இறங்கி, இடுப்பு வரைக்கும் ஏறி. அன்று ராத்திரி போர்வை பட்டாலே உயிர் போனதாம். மூன்று நாள் தூங்கவில்லையாம். ஊரில் அம்மா கையால் சாப்பிட்டதைச் சொல்கிறவர்கள் இப்படித்தான் நிறுத்தி நிறுத்திச் சொல்வார்கள். அவன் கண் பளபளத்தது. நான் அவன் கத்தியதை ஆயிரம் தடவை நடித்துக் காட்டியிருக்கிறேன், எப்படி வலித்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மணி அடித்தது. நேரம் முடிந்துவிட்டது. அவன் தடியை ஊன்றி எழுந்தான், பிறகு ஞாபகம் வந்தவனாக மறுபடி உட்கார்ந்து, இடது காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்தான். பெருவிரலுக்கு மேலே விரலால் அழுத்திக் காட்டினான்.

"இங்கதான் கொட்டுச்சு" என்றான். "பாரு, அழுத்தினா இப்பக்கூட தெரியுது."

சாம்பல் கொட்டியது வலது காலில். அவன் ஒரு சுற்றை மாற்றிச் சொன்னாலும், ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொன்னாலும் பெஞ்சை விட்டு எழுந்து நின்று திருத்தியவன் நான். ஆமா மச்சான், அங்கதான் என்றேன்.